குணமடைந்தவர் பதின்மர், நலமடைந்தவர் ஒருவர்



கடிதம் எழுதும் வழக்கம் குன்றிவிட்ட காலம் இது. ஆயினும் நம் செட்டிநாட்டுப் பகுதியின் பழைய வீடுகளில், மரப்பெட்டிகளுக்குள் இன்னும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் உறங்குகின்றன. இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவை அவை. எதைப் பிரித்தாலும் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றே. இங்கு யாவரும் நலம் என்பார்கள். அங்குள்ளோரின் நலமறிய ஆவல் என்பார்கள்.

அந்த 'நலம்' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். காய்ச்சலும் இருமலும் இல்லை என்பது மட்டுமா அதன் பொருள்? வீட்டில் அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் இல்லை, கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, பசு கன்று ஈன்றது, அப்பத்தா கோல் ஊன்றியேனும் நடமாடுகிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கோயிலில் திருவிழா குறைவின்றி நடந்தது என இத்தனையும் அச்சொல்லுக்குள் இருந்தன. உடம்பில் ஒரு நோயும் இல்லாதவன்கூட, உடன்பிறந்தவனோடு பேச்சற்றுப் போயிருந்தால், 'நலம்' என்று எழுதக் கை கூசியிருப்பான். எபிரேய மக்கள் 'ஷாலோம்' என்று வாழ்த்தியபோது அவர்கள் கருதியதும் இத்தகைய குறைவற்ற நிறைவையே.

இப்போது நம் ஞானோபதேச வகுப்பில் ஒரு பிள்ளையை அழைத்து, "மீட்பு என்றால் என்ன?" என்று கேளுங்கள். பாவத்திலிருந்தும் நரகத்திலிருந்தும் தப்பி, ஆன்மா மோட்சம் சேர்வது என்று அப்பிள்ளை விடை சொல்லும். அது தவறான விடையன்று. ஆனால் நம் முன்னோரின் கடிதத்தில் இருந்த 'நலம்' அவ்விடையில் இல்லை. உடல் எங்கே? மனம் எங்கே? குடும்பம் எங்கே? சாகும் வேளையில் மட்டும் வேலை செய்கின்ற ஒன்றா மீட்பு? இம்மாதம் இதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஒரு சொல், இரு பொருள்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் 'மீட்டல்' என்பதற்குப் பயின்று வரும் வினைச்சொல் 'சோட்ஸோ' என்பதாகும். அதே சொல்தான் நோயாளியைக் குணமாக்குவதற்கும் வழங்குகிறது. பாவியாகிய பெண் இயேசுவின் காலடியில் அழுதபோது, அவளுடைய நம்பிக்கையே அவளை மீட்டது என்று ஆண்டவர் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணிடமும், எரிகோவின் பார்வையற்றவரிடமும், திரும்பி வந்து நன்றி சொன்ன சமாரியத் தொழுநோயாளரிடமும் அவர் கூறியது கிரேக்கத்தில் அதே வாக்கியமே. தமிழில் பெயர்த்தவர்கள் ஓரிடத்தில் 'மீட்பு' என்றும் மற்ற இடங்களில் 'குணம்', 'நலம்' என்றும் எழுத வேண்டியதாயிற்று. அது அவர்கள் குறையன்று. இரண்டையும் ஒருங்கே சொல்லும் சொல் கிடைப்பது அரிது. ஆனால் மூல மொழியில் வாசித்த முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்கு இவ்விரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகளாகவே தோன்றியிருக்கும்.

நம் 'மீட்பு' என்ற சொல்லும் எளிய சொல்லன்று. அடகு வைத்த நகையை மீட்கின்றோம். வட்டியும் முதலும் கட்டி முடித்தபின், பாதிச் சங்கிலியை மட்டும் பெற்றுக்கொண்டு எவரேனும் மனநிறைவோடு வீடு திரும்புவரோ? வைத்த நகை முழுவதும், ஒரு கண்ணியும் குறையாமல், கைக்கு வந்தாக வேண்டும். அது மட்டுமன்று, மீட்ட நகை எந்தக் கழுத்துக்கு உரியதோ அந்தக் கழுத்தில் ஏறினால்தான் மீட்டதன் பயன் நிறைவேறுகிறது. இறைவன் தம் திருமகனின் இரத்தத்தை விலையாகத் தந்து மனிதனை மீட்டார் என்றால், பாதி மனிதனையா மீட்டார்? நான்காம் நூற்றாண்டில் நசியான்சு நகரப் புனித கிரகோரியார் இதையே வாதிட்டார். மனித இயல்பின் எப்பகுதியை இறைமகன் தமதாக்கிக்கொண்டாரோ அப்பகுதியே குணம் பெறும்; ஆகவே அவர் மனித உடலை மட்டுமன்றி மனித மனத்தையும் முழுமையாக ஏற்றார் என்பது அவர் வாதம்.

திருப்பலியில் நற்கருணை பெறுமுன் நாம் சொல்லும் செபத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அது கப்பர்நாகூமின் நூற்றுவர் தலைவர் சொன்ன சொல். அவர் கேட்டது, வீட்டில் முடங்கிக் கிடந்த ஒரு பணியாளனின் உடல் நலத்தை. திருச்சபை அதே சொல்லை எடுத்து, நம் ஆன்மாவின் நலத்திற்காக நம்மைக் கேட்கச் சொல்கிறது. அந்தப் பணியாளனின் கட்டிலும் நம் பீடமும் அவ்வளவு அருகருகே உள்ளன.

ஆயினும் இங்கு ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் தொழுநோயாளர் பதின்மர் வருகின்றனர். பதின்மரின் தோலும் தூய்மையாயிற்று. அவர்களுள் திரும்பி வந்து இறைவனைப் போற்றிய ஒருவருக்கு மட்டுமே, நம்பிக்கை அவரை மீட்டது என்னும் சொல் கிடைக்கிறது. மற்ற ஒன்பதின்மர் பெற்ற குணமும் மெய்யான குணமே. ஆண்டவர் அதைத் திரும்பப் பறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் கொடையைப் பெற்றனர், கொடுத்தவரைப் பெறவில்லை. குணம் என்பது நலத்தின் வாசற்படி. வாசற்படியிலேயே நின்றுவிட்டவர்கள் அவர்கள்.

ஓரியூர் மண்

இவ்வுண்மையை நம் மறைமாவட்ட மக்களுக்கு விளக்க நெடுந்தொலைவு போகத் தேவையில்லை. திருவாடானை வட்டத்தில் ஓரியூர் இருக்கின்றது. அங்கே 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தவர் புனித அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ.

இவருடைய வாழ்வே ஒரு குணமடைதலில் தொடங்குகிறது. 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்த இவர், அரண்மனையில் வளர்ந்த சிறுவனாக இருந்தபோது கொடிய நோயில் விழுந்தார். பிள்ளை பிழைத்தால் அவனுக்கு ஓராண்டுக் காலம் இயேசு சபையினரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான்; அங்கியும் அணிந்தான். நம் ஊர்த் தாய்மார் காவி உடுத்தியும் முடியிறக்கியும் நேர்ச்சை செலுத்துவதுபோல அதுவும் ஒரு தாயின் நேர்ச்சை. ஆனால் அந்தப் பிள்ளை ஓராண்டோடு நின்றுவிடவில்லை. குணமளித்தவரைத் தேடித் திரும்பினான். அங்கியே அவன் வாழ்வாயிற்று. அது அவனை மறவர் நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மறவர் நாட்டில் தடியத்தேவர் என்னும் குறுநிலத் தலைவர் நோயுற்றுக் கிடந்தார். மருத்துவம் பலிக்கவில்லை. அருளானந்தரை வரவழைக்க விரும்பினார். அருளானந்தர் தமக்குப் பதில் ஓர் உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் செபித்து நற்செய்தியை வாசிக்க, தேவர் நலம் பெற்றார் என்று வரலாறு கூறுகின்றது. அத்தோடு அவர் காணிக்கை செலுத்திவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஒன்பதின்மரோடு பத்தாவது ஆளாக நின்றிருக்கலாம். அவரோ திருமுழுக்குக் கேட்டார்.

அப்போதுதான் அவருடைய முழு வாழ்வும் மருத்துவரின் கைக்கு வந்தது. அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பதை அருளானந்தர் தெளிவாகச் சொன்னார். தேவர் இசைந்தார், மற்றவர்களுக்கு வாழ்வுக்கு வேண்டியதைத் தர ஏற்பாடும் செய்தார். 1693 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று அவர் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் கடலாயி என்பவர், இரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் மன்னரிடம் முறையிட்டார். இரண்டு நாட்களுக்குள் அருளானந்தர் சிறைப்பட்டார். பிப்ரவரி 4இல் தலை உருண்டது.

கடலாயியைக் கொடியவராகவே சித்திரிப்பது நம் நாடக மேடைகளின் வழக்கம். பொறுமையாக நினைத்துப் பார்த்தால், பிறர் வகுத்த வாழ்க்கைக்குள் கொடுக்கப்பட்டு, பிறர் முடிவினாலேயே வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணின் வேதனையும் அங்கே தெரியும். உடைந்த ஒன்றைப் பொருத்தும்போது எங்கோ வலிக்கத்தான் செய்கிறது. அவ்வலிக்கும் இறைவனிடத்தில் கணக்கு உண்டு என்று நம்புவோம்.

நாம் குறித்துக்கொள்ள வேண்டியது இது. ஒரே மண்ணில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஓர் உடல் நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்தது. மற்றோர் உடல் வாளுக்கு இரையாயிற்று. இருவருக்காகவும் அதே இறைவனிடம்தான் செபம் எழுந்தது. தடியத்தேவரைக் குணமாக்கிய கடவுள் அருளானந்தரைக் கைவிட்டாரா? இல்லை என்பதே திருச்சபையின் விடை. 1947ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். பிழைத்தவரும் நலம் பெற்றார். வெட்டுண்டவரும் நலம் பெற்றார்.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உனக்கு நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் உன் நோய் தீரவில்லை" என்று படுக்கையில் கிடப்பவரிடம் சொல்லும் செபக் குழுக்கள் இப்போது ஊருக்கு ஊர் உள்ளன. புற்றுநோயால் வாடும் ஒரு தாயிடம் இச்சொல்லைச் சொல்வது, நோயின்மேல் குற்றத்தையும் சேர்த்துச் சுமத்துவதாகும். புனித பவுலடியார் தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அருள் கிடைத்தது. பவுலுக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்லத் துணிவோமா? உயிர்த்த ஆண்டவரின் திருவுடலைப் பாருங்கள். சாவை வென்ற அவ்வுடலில் ஆணித் தழும்புகள் மறையவில்லை. தழும்பு இருப்பது நலமின்மைக்கு அடையாளமன்று என்பதை அதனினும் தெளிவாக எப்படிச் சொல்ல இயலும்?

நேரான கைகள், மூடிய கதவுகள்

உடல் குணமாகியும் மனிதன் நலமடையாத நிலை ஒன்று உண்டு. அதை வேலூரில் ஒரு மருத்துவர் கண்டார். பால் பிராண்ட் என்னும் அவர் கொல்லிமலையில் பணியாற்றிய கிறிஸ்தவ ஊழியரின் மகன். 1914இல் அங்கேயே பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயினால் விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துவிட்ட கைகளை, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். விரல்கள் அழுகி விழுவது நோயின் நேரடி விளைவன்று. வலி தெரியாமற்போவதால் படும் காயங்களே காரணம் என்பதையும் எடுத்துக் காட்டினார்.

ஆனால் அறுவை சிகிச்சை பெற்றுச் சென்றவர்களுள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். கை வளைந்திருந்தபோது பிச்சையாவது கிடைத்தது; கை நேரானபின் இரக்கப்படுவாரும் இல்லை, வேலை கொடுப்பாரும் இல்லை, வீடு வாடகைக்குத் தருவாரும் இல்லை என்றனர். கை குணமாகிவிட்டது, ஊரார் மனம் குணமாகவில்லை. பிராண்ட் அதன்பின் அறுவை அறையோடு நிற்கவில்லை. நவ ஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பை அமைத்து, நேராக்கிய கைகளுக்கு உளி பிடிக்கவும் தச்சு வேலை செய்யவும் கற்றுத் தந்தார். குணம் நலமாக முற்றுப்பெற, மருந்தோடு ஒரு தொழிலும் ஒரு வீடும் மதிப்பும் தேவையாயின.

பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலில், தொழுநோயாளர் பாளையத்துக்கு வெளியே தனித்து வாழ வேண்டும் என்ற விதி உண்டு. அக்காலத்தில் பலவகைத் தோல் நோய்களும் அப்பெயரால் வழங்கின. இயேசு குணமாக்கியவர்களைக் குருவிடம் போய்க் காட்டச் சொன்னது, அவர்கள் ஊருக்குள் திரும்ப அனுமதி பெறுவதற்காகவே. தோல் மாறினால் போதாது, ஊர் ஏற்க வேண்டும் என்பதில் அவர் கருத்தாயிருந்தார்.

நம் நாட்டில் அந்த அனுமதி எப்போது வந்தது? நோயாளரை ஒதுக்கிவைக்க ஆங்கிலேயர் 1898இல் இயற்றிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி, கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களிலிருந்து 2019இல்தான் அகற்றப்பட்டது. இத்தனைக்கும், இந்நோயை முற்றிலும் தீர்க்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனத்தின் குழு 1981இலேயே பரிந்துரைத்துவிட்டது. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து உட்கொண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். மருந்தும் இலவசம். ஆயினும் நோய் ஒழிந்துவிடவில்லை. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே. உணர்ச்சியற்ற தேமலை மறைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதிருப்போரின் முதல் அச்சம் நோயைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது.

இவ்விடத்தில் காரைக்குடி மக்கள் ஒருவரை நினையாதிருக்க இயலாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நம் மறையைச் சார்ந்தவரல்லர். தொழுநோயின் துன்பத்தைத் தம் உடலில் தாங்கியவர். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கு அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். அதற்கு 1948 சூலை 25இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1957 ஏப்ரலில் தம் 48ஆம் வயது நிறைவடையும் தறுவாயில் அழகப்பர் காலமானார். அவர் தோலை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் நோயாளி. அவர் திறந்துவைத்த வகுப்பறைகளில் அமர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்கோ, இந்த ஊருக்கே நலம் கொடுத்தவர். நோயைத் தாங்கியவரை ஒதுக்குவதால் யார் இழப்பது என்பதற்கு நம் ஊரே சாட்சி. இறைவனின் அருள் நம் ஆலயச் சுவர்களுக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை என்பதையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு சேர்ந்து அறிக்கையிடுவோம்.

தெளிந்த மனமும் திறந்த வீடும்

உடல் நோயைவிட அதிகமாக நாம் மறைத்து வைப்பது மனநோயை. கெரசேனர் பகுதியில் கல்லறைகளுக்கிடையே வாழ்ந்த மனிதனை நினைவுகூருங்கள். அவனுக்குச் சங்கிலியும் விலங்கும் பூட்டிப் பார்த்தனர். இயேசு வந்தபின் அவன் ஆடையணிந்து, தெளிந்த அறிவோடு அமர்ந்திருக்கிறான். அவன் எவ்வாறு நலமடைந்தான் என்று சொல்ல வரும் லூக்கா, இங்கும் மீட்பைக் குறிக்கும் அதே சொல்லைத்தான் ஆளுகிறார். பின்னும் ஒரு செய்தி உண்டு. அவன் ஆண்டவரைப் பின்தொடர விரும்பினான். ஆண்டவரோ அவனைத் தன் வீட்டிற்கு அனுப்பினார். கல்லறையிலிருந்து வீட்டுக்கு என்பதே அந்த மீட்பின் பாதை.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், கீற்றுக் கொட்டகையொன்றில் தீப்பிடித்தது. அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். ஓடித் தப்ப அவர்களுக்குக் கால்கள் இருந்தன. கால்களில் விலங்கு இருந்தது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. பலர் அன்பினாலும் வேறு வழி அறியாமையினாலும் விட்டவர்கள். இதை வேறொரு சமயத்தாரின் குறையாக எண்ணி நாம் அமைதி கொள்ளலாகாது. கைகால் கட்டப்பட்ட மனநோயாளரை நம் திருத்தலங்களுக்கும் கொண்டுவருகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. நற்செய்தி அச்சங்கிலியை இருபது நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவிழ்த்துவிட்டது.

ஆகவே, வீட்டில் ஒருவர் உறக்கமின்றித் தவித்தாலோ, தமக்குள் பேசிக்கொண்டாலோ, காரணமின்றி அஞ்சினாலோ, பேய் என்றும் செய்வினை என்றும் அலையாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். அவரிடம் செல்வது நம்பிக்கைக் குறைவன்று. மருத்துவரையும் இறைவனே படைத்தார் என்று சீராக்கின் ஞான நூல் நமக்குக் கற்பிக்கிறது. மருந்தும் செபமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். அவரைக் கூடத்தில் உங்களோடு அமர்த்தி உணவு பரிமாறுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு அழைத்து வாருங்கள். திருப்பலியின்போது அவர் சத்தமிட்டால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

எண்ணெயைக் கண்டு அஞ்சலாமா?

மீட்பையும் நலத்தையும் இணைத்துக் காட்டவே ஒரு திருவருட்சாதனம் நமக்குத் தரப்பட்டுள்ளது. நம் பெரியவர்கள் அதை 'அவஸ்தைப் பூசுதல்' என்றனர். குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நுழைந்தால், யார் வீட்டில் சாவு என்று அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வருவர். அதனால் குடும்பத்தார் கடைசி மூச்சுவரை தாமதிப்பர். பேச்சு அடங்கி நினைவும் தப்பியபின் ஆளனுப்புவர். "அப்பச்சி பயந்துவிடுவார், சாமி" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அப்பச்சிக்கோ தம் நிலை தெரியும். பயந்து நிற்பவர்கள் பிள்ளைகளே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே, இதை 'நோயில் பூசுதல்' என்று அழைப்பதே சிறந்தது என்றும், இது சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும் அறிவித்தது. ஆறாம் சின்னப்பர் 1972இல் இதற்குரிய புதிய சடங்குமுறையை வழங்கினார். யாகப்பர் தம் திருமுகத்தில் நோயாளிக்கு எண்ணெய் பூசுவதைப் பற்றிப் பேசும்போது இரண்டு வினைகளை ஆளுகிறார். ஒன்று, நாம் கண்ட அதே 'மீட்டல்'. மற்றொன்று 'எழுப்புதல்', படுக்கையிலிருந்து எழுப்புவதற்கும் சாவிலிருந்து எழுப்புவதற்கும் அச்சொல் பொதுவானது. எழுந்து நடமாடினாலும் சரி, இறைவனிடம் சென்றாலும் சரி, நோயாளி எழுப்பப்படுகிறார்.

கடும் நோயுற்றோர், பெரிய அறுவை சிகிச்சைக்குச் செல்வோர், முதுமையால் தளர்ந்தோர் ஆகிய எல்லோரும் இதைப் பெறலாம். நோய் தணிந்து மீண்டும் கடுமையானால் மறுபடியும் பெறலாம். மதுரைக்கு அறுவை சிகிச்சைக்குப் புறப்படுமுன், மருத்துவ அறிக்கைகளைத் தேடி எடுத்து வைப்பதுபோல, குருவையும் அழையுங்கள். நோயாளி நினைவோடிருந்து, தாமே விடை சொல்லி, குடும்பமே கட்டிலைச் சூழ்ந்து நின்று செபிக்கும் வேளையே இதற்கு உகந்த வேளை. பல நாள் பேசாதிருந்த பிள்ளைகள் அந்தக் கட்டிலருகே வந்து நிற்பார்களானால், பூசிய எண்ணெய் நெற்றியோடு நில்லாமல் வீடு முழுவதற்கும் பரவியது என்று கொள்ளலாம்.

சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த தினம், நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளாக நினைவுகூரப்படுகிறது. பிப்ரவரி 4இல் ஓரியூர்த் திருவிழா. பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். அதையே இரண்டாம் யோவான் பவுல் 1992இல் உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். பதின்மூன்று நாட்களுக்குள் அடங்கும் இம்மூன்று நாட்களிலும் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொன்று செய்யலாம். முதல் நாளில், வீட்டிலுள்ள எல்லோரும் உடலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்று பார்த்து, இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். இரண்டாம் நாளில், குணம் வேண்டி மட்டுமன்றி, முன்பு பெற்ற குணத்துக்கு நன்றி சொல்லவும் ஓரியூருக்குப் போங்கள். திரும்பி வந்த அந்த ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். மூன்றாம் நாளில், உங்கள் தெருவில் நீண்ட நாட்களாகக் கதவடைத்துக் கிடக்கும் நோயாளி ஒருவரின் வீட்டுக்குக் குழந்தைகளோடு சென்று, அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அறிவுரை வேண்டாம், கைப்பிடியாக ஏதேனும் பலகாரமும் ஒரு பத்து மணிச் செபமாலையும் போதும். ஆலயத்துக்கு வர இயலாதவர் எவரேனும் இருந்தால், பெயரையும் தெருவையும் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். நற்கருணை அவ்வீடு தேடி வரும்.

உங்கள் இல்லங்களில் உடலும் உள்ளமும் உறவும் ஒருசேர நலம் பெறுக! குணமாகாத நோயோடு வாழ்கின்றவர்களை, தழும்புள்ள கைகளோடு உயிர்த்தெழுந்த ஆண்டவர் தாமே தாங்குவாராக!